மாலை போட்ட சக்கரம்

போன வெள்ளிக்கிழமை நான் ஒரு தும்மல் தும்மினேன். அதற்காக என் வீட்டுக்காரரின் சொந்தத்தில் பாதிப் பேர் இப்போது என்னோடு பேசுவதில்லை.

தும்மினதற்கா கோபம் என்று கேட்பீர்கள். பொறுங்கள், சொல்கிறேன். அவசரமாக எழுதுகிறேன். எழுத்துக் கோணல் மாணலாக இருந்தால் அச்சுக் கோர்ப்பவர் மன்னிக்க வேண்டும்.

எங்கள் வீட்டு லாரிக் கதை பழைய வாசகர்களுக்குத் தெரியும். புதியவர்களுக்குச் சுருக்கமாக... என் வீட்டுக்காரர் சந்திரன், சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலைப் பக்கம் ஒரு குத்தகைக்காரரிடம் ஃபிட்டர். தோட்டம் ஒன்று கைமாறியபோது, அங்கே லாலான் புல்லுக்குள் கிடந்த லாரியை வாங்கி வந்தார். என்னைவிட வயதில் மூத்த லாரி. இஞ்சின் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பப்பாளி மரம், காயோடு நின்றது.

ஊரில் மற்ற ஆண்கள் ஞாயிற்றுக்கிழமை மீன் பிடிக்கப் போவார்கள். இவர் பழைய இரும்புக் கடைக்குப் போவார். தம்பினில் இஞ்சினும் கியர் பாக்ஸும். மூவாரில் ஹெட்லைட். முன்பக்கக் கிரில் எங்கே கிடைத்தது தெரியுமா? ஒரு கோழிக் கூண்டுக்குக் கதவாக இருந்தது! கூண்டுக்காரருக்குப் புதுக் கதவு செய்து கொடுத்துவிட்டுக் கிரில்லைக் கழற்றி வந்தார்.

தெங்கேராவில் எங்கள் வீட்டு வாசலில் சைக்கிள் நிறுத்தவே இடம் கிடையாது. அதனால் லாரி நின்றது சுங்கை ஊடாங்கில், அவருடைய அக்கா பாக்கியம் அண்ணியின் கம்பவுண்டில்.

இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது — சக்கரத்துக்கு வரும்வரை.

பழைய கனரக லாரிச் சக்கரம் கார்ச் சக்கரம் மாதிரி இல்லை. டயரை ரிம்மில் ஏற்றிவிட்டு, அது கழன்று வராதபடி ஓர் இரும்பு வளையத்தை அடித்துப் பொருத்துவார்கள். லாக் ரிங் என்று பெயர். வளையம் தன் பள்ளத்தில் ஒழுங்காக உட்கார்ந்துவிட்டால் கவலையில்லை. உட்காரவில்லை என்றால்? காற்று ஏற ஏற அதை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். ஒரு கட்டத்தில் வளையம் பறக்கும். எதிரே யார் நிற்கிறார் என்று அது பார்க்காது.

இது எனக்கு எப்படித் தெரியும்? நான் பிறந்த தோட்டத்தில், லாரிக் கொட்டகையின் தகரக் கூரையில் நீளமாக ஒரு கிழிசல் இருந்தது. லாக் ரிங் போன வழி. அன்றைக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த சின்னையா சித்தப்பா வீடு திரும்பவில்லை. பள்ளிக்கூடம் போகும்போதெல்லாம் அந்தக் கிழிசலைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு ஓடுவேன். டயருக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்டால் இன்றைக்கும் தெருவின் மறுபக்கம் போய்விடுவேன்.

அதனால்தான் சந்திரனை நச்சரித்து ஒரு கனத்த சங்கிலி வாங்க வைத்தேன். காற்றடிக்கும் முன் சக்கரத்தைச் சுற்றிச் சங்கிலி. அப்புறம் நீளமான காற்றுக்குழாய் ஓஸை மாட்டிவிட்டுத் தள்ளி ஓரமாக நிற்பது. என் கண் முன்னால் அப்படித்தான் செய்வார். கண்ணுக்கு மறைவில் எப்படியோ, நானறியேன்.

முன் சக்கரம் ஒன்றுக்கு மட்டும் ரிங் கிடைக்கவே இல்லை. மாதக்கணக்காக அலைந்தார். கடைசியில் ஓர் இரும்புக் கடை சீனர் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். “சைஸ் சாமா, பாங்” என்றாராம், ‘அளவு ஒன்றுதான் அண்ணே’ என்று. ஆனால் வேறு ரகத்து லாரியின் ரிங், இதில் உட்காருமா என்று தனக்குத் தெரியாது என்பதையும் அவர் நேர்மையாகச் சொல்லியிருக்கிறார். நம்மவர் காதில் ‘சாமா’ மட்டும் விழுந்தது. அளவு ஒன்று என்றால் எல்லாம் ஒன்று என்று முடிவு கட்டிவிட்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம் அந்த ரிங்கைப் போட்டு, பாதிக் காற்று ஏற்றி, மீதியைக் காலையில் பார்க்கலாம் என்று விட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை காலை பூஜை. எலுமிச்சம்பழத்தின் மேல் லாரியை ஏற்றி, முதல்முறையாக ரோட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் சக்கரம் உருண்டாக வேண்டும்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஐயர் வந்துவிட்டார். சொந்தக்காரர்களும் வந்துவிட்டார்கள். பாக்கியம் அண்ணி அதிகாலையிலேயே எழுந்து, சக்கரங்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, ஆளுயர மாலை போட்டிருந்தார். பார்க்கக் கல்யாண மாப்பிள்ளை மாதிரிதான் இருந்தது. முன் சக்கரம் மட்டும் கொஞ்சம் அமுங்கி நின்றது.

சந்திரன் கம்ப்ரஸரை இழுத்து வந்தார். சங்கிலியை எடுக்கவில்லை.

“சங்கிலி சுத்தலையா?” என்றேன்.

“எப்படிச் சுத்துறது? மாலை கெடக்கே.”

“மாலைய ஒரு நிமிஷம் கழட்டினா...”

“போட்ட மாலைய கழட்டுவாங்களா?” பாக்கியம் அண்ணிக்குக் கோபம். “சாமிக்குப் போட்டது. என்ன பேச்சு பேசற நீ?”

“கொஞ்சம் காத்துதான் லா கொறச்சல்” என்றார் சந்திரன். “ஐயருக்கு வேற இன்னொரு பூஜ இருக்கு. மணியப் பாரு.”

“இல்லங்க, அந்த ரிங் புதுசா போட்டது. ஒருவேள வெடிச்...”

“வாயக் கழுவு!” என்றார் அண்ணி. எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

அவ்வளவுதான். அதற்கு மேல் என்ன பேச முடியும்? நல்ல காரியத்தில் கெட்ட வார்த்தை வரக்கூடாது. வெடிக்கும், பறக்கும், சாவு — ஒன்றும் சொல்லக்கூடாது. ராகு காலத்துக்கு மணி பார்க்கிறோம், எமகண்டத்துக்குப் பார்க்கிறோம். பயத்தை வாய்விட்டுச் சொல்ல எந்தப் பஞ்சாங்கத்திலாவது நேரம் போட்டிருக்கிறதா?

கம்ப்ரஸர் தடதடவென்று ஓட ஆரம்பித்தது. சந்திரன் ஓஸை மாட்டிவிட்டுச் சக்கரத்துக்கு நேர் எதிரே குந்தினார். பக்கத்தில் மணைக்கட்டை போட்டு அண்ணி உட்கார்ந்தார், கற்பூரத் தட்டோடு. பின்னால் சித்தி, மாமா, கைக்குழந்தையோடு ஒரு பெண். எல்லோரும் கைகூப்பிக்கொண்டு, அந்த வளையத்தைப் பார்த்தபடி!

எனக்குக் காது அடைத்தது. கண்ணுக்குள் அந்தத் தகரக் கிழிசல். ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்து இழுக்கலாமா? இழுத்தால் எழுந்திருப்பாரா? என்னைத்தான் பிடித்து உள்ளே உட்கார வைப்பார்கள். தாலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். என் புருஷன் என் கண் முன்னால் சாகப்போகிறார், அதைச் சொல்லக்கூட எனக்கு வாயில்லை.

அப்போதுதான் தும்மினேன்.

பொய்த் தும்மல். ஆனால் அடிவயிற்றிலிருந்து வந்த தும்மல். கம்ப்ரஸர் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

ஐயரின் மணி நின்றது. “ஒத்தத் தும்மல்!” என்றார் யாரோ. நமக்கு ஒற்றைத் தும்மல் எப்பேர்ப்பட்ட சகுனம் என்று நான் சொல்லவேண்டியதில்லை. இரட்டையாகத் தும்மிவிட்டால் தோஷமில்லை. எல்லோரும் என் மூக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்கள், அடுத்தது வருமா என்று.

வந்தது! பொய்யாக ஒன்று தும்மினதில், சாம்பிராணிப் புகை மூக்கில் ஏறி, நிஜமாகவே ஒன்று கிளம்பிவிட்டது. வாழ்க்கையில் நான் எதையும் அப்படி அடக்கியதில்லை. மூக்கைப் பிடித்து, பல்லைக் கடித்து, முந்தானையை வாயில் அடைத்து... கண்ணில் தண்ணீர் கொட்டியது. முருகா, இந்த ஒன்றை மட்டும் நிறுத்து என்று வேண்டிக்கொண்டேன். நின்றது.

“எல்லாரும் உள்ள வாங்க” என்று அண்ணி எழுந்தார். “தண்ணி குடிச்சிட்டு, செத்த உக்காந்துட்டு வந்து ஆரம்பிக்கலாம். சந்திரா, நீதான் மொதல்ல குடிக்கணும்.”

“காத்து ஏறிக்கிட்டிருக்கு, அக்கா!”

“அது பாட்டுக்கு ஏறட்டும். வா!”

அக்கா சொல்லைத் தட்டாத தம்பி. என்னை முறைத்துக்கொண்டே வந்தார். கம்ப்ரஸரை நிறுத்தவில்லை, நேரமாவது மிச்சமாகட்டும் என்று. எல்லோரும் பின்கட்டுச் சமையலறைக்குப் போனோம். அண்ணி சொம்பை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

அவர் குடிக்கவில்லை. வீடே ஒரு தரம் குலுங்கியது.

சொம்பு கீழே விழுந்தது. குழந்தை வீறிட்டது. யாரும் நகரவில்லை. நான் தலைகளை எண்ணினேன். எண்ணி முடித்து, நம்பாமல் மறுபடியும் எண்ணினேன். எல்லோரும் இருந்தார்கள்.

வெளியே போய்ப் பார்த்தோம். லாரி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. மாலை இருந்த இடத்தில் நார்கூட இல்லை, கம்பவுண்டு முழுக்கச் செவந்திப் பூ. அண்ணி உட்கார்ந்திருந்த மணைக்கட்டை இரண்டு துண்டாகக் கிடந்தது. அதற்கு நேர் பின்னால், குளியலறைத் தகரத்தில் நீளமாக ஒரு கிழிசல்.

அதே கிழிசல். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணி மணைக்கட்டையைப் பார்த்தார். கிழிசலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நன்றி சொல்வார் என்றுதானே நினைக்கிறீர்கள்?

“நல்ல நேரத்துல ஒத்தத் தும்மல் தும்மினா, வெடிக்காம என்ன செய்யும்?”

சித்தி தலையாட்டினார். மாமா தலையாட்டினார். ஐயரும் ஆமோதித்துவிட்டுத் தட்சிணையோடு கிளம்பினார். அன்றிலிருந்து நான் தரித்திரம் பிடித்தவள். பரவாயில்லை. திட்டுவதற்கு எல்லோரும் உயிரோடு இருக்கிறார்களே, அது போதும். பாக்கியம் அண்ணி இந்தப் பத்தியைப் படிப்பதில்லை என்ற தைரியத்தில்தான் இதையும் எழுதுகிறேன்.

வீடு திரும்பி, தெங்கேராவில் தெருவோரம் வேனை நிறுத்திய பிறகுதான் சந்திரன் வாயைத் திறந்தார்.

“ரெண்டாவது தும்மல மூக்கப் புடிச்சி அடக்கினல்ல? பாத்தேன்.”

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ரொம்ப நேரம் விடவில்லை.

இத்தோடு லாரிப் பைத்தியம் தெளிந்துவிட்டது என்று நினைத்தேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே, லாரியிலிருந்து கழற்றி வந்திருந்த அந்த வெறும் ரிம்மை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார். எங்கே என்றேன். இந்தத் தடவை ரிம்மையே கொண்டுபோய், ரிங் உட்காருகிறதா என்று பார்த்துத்தான் வாங்குவாராம். நல்ல நாள் பார்த்து மறுபடி பூஜையாம். அண்ணி இப்போதே கறாராகச் சொல்லிவிட்டாராம், என்னை மட்டும் கூட்டி வரக்கூடாது என்று.

நான் போவேன். கொஞ்சம் மூக்குப்பொடியும் வாங்கி வைத்திருக்கிறேன்.