எலிவால் பின்னலும் எக்ஸ்ரே படமும்

எக்ஸ்ரே அறையில் எனக்கு இரண்டு வேலை. ஒன்று படம் எடுப்பது. இன்னொன்று, யாரும் கேட்காமலே பாடம் எடுப்பது. முதல் வேலைக்கு எனக்குச் சம்பளம் உண்டு. இரண்டாவதைப் பொறுமையாகக் கேட்டு முடிப்பவர்களுக்குத்தான் யாராவது சம்பளம் தர வேண்டும்.

பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுக்கடைகளுக்கு நடுவில் இடுங்கிக் கிடக்கும் ஸ்கேன் சென்டர் எங்களுடையது. வருகிறவர்களில் பாதிப் பேர் தறிக்காரர் வீட்டு ஆட்கள். டாக்டரைப் பார்க்கப் போவதென்றால்கூட எங்கள் ஊர்ப் பெண்கள் நல்லதாக உடுத்திக்கொண்டுதான் வருவார்கள். ஜரிகை ரவிக்கையும், தாலிச் சரட்டில் கொத்தாக ஊக்குகளுமாக வந்து நிற்பவர்களிடம் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னால் சண்டைதான்.

"ரவிக்கை துணிதானேமா? இது இன்னா பண்ணப்போவுது?"

"துணி ஒண்ணும் பண்ணாது. ஜரிகைல வெள்ளி இருக்குது இல்ல, அது பண்ணும்" என்று ஆரம்பிப்பேன். ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. காற்று கதிரைத் தடுப்பதில்லை, அதனால் படத்தில் நுரையீரல் கறுப்பு. சதை கொஞ்சம் தடுக்கும், அது சாம்பல். எலும்பில் சுண்ணாம்புச் சத்து, அது இன்னும் தடுக்கும், அதனால் வெளுப்பு. வெள்ளியின் அணு அதைவிடக் கனம், மெல்லிய இழைகூட ஒன்றாகச் சேர்ந்தால் பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். அப்புறம் என் முத்தாய்ப்பு: எக்ஸ்ரே என்பது போட்டோ இல்லை, நிழல். நிழலுக்கு முன்பக்கம், பின்பக்கம், உள்ளே, வெளியே எதுவும் கிடையாது. ரவிக்கையில் இருக்கிற மயில் உங்கள் நுரையீரலுக்குள் கூடு கட்டின மாதிரி தெரியும். இதைச் சொல்லிவிட்டு நானே சிரிப்பேன். எதிரில் இருப்பவர் இருமுவார்.

அந்தக் கதிர் எப்படி உண்டாகிறது என்பதையும் விடமாட்டேன். குழாய்க்குள் எலக்ட்ரான்கள் பேய் வேகத்தில் ஓடிவந்து டங்ஸ்டனில் மோதுகின்றன; அந்தச் சக்தியில் ஏறக்குறைய எல்லாம் வெறும் சூடாகவே போய்விடுகிறது, மிச்சம் மீதிதான் எக்ஸ்ரே. என் உபதேசத்தின் கணக்கும் அதுதான் என்று என் கணவர் சொல்வார். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் அவர் தறி இருக்கிறது. அது ஓடும்போது நான் பேசுவது காதில் விழாது, அதனால் நான் பேச ஆரம்பித்ததும் அவருக்கு வேலையில் சுறுசுறுப்பு வந்துவிடும்.

ஊருக்கு உபதேசம் செய்கிற நான் வீட்டில் எப்படி என்று கேட்டால் வெட்கக்கேடு. "அந்தக் கதிரு மேல ஒட்டிக்குமா?" என்று கேட்பவர்களிடம், "ஸ்விட்ச்ச அணைச்சா லைட் வெளிச்சம் செவுத்துல ஒட்டிக்குதா? அந்த மாதிரிதான்" என்று கெத்தாகச் சொல்வேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் எதையும் தொடாமல் நேராகக் குளியலறைக்குள் நுழைந்து தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொள்வேன். கதிரைத் தண்ணீரால் கழுவ முடியாது, கழுவுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் இரண்டு தடவை சோப்புப் போடுவேன். சட்டையில் குத்தியிருக்கும், கதிரை அளக்கிற பேட்ஜ் சோதனைக்குப் போய், எல்லாம் அளவுக்குள்தான் என்று ஒவ்வொரு முறையும் நல்ல சேதியோடு வரும். நான் அதையும் நம்புவேன், சோப்பையும் நம்புவேன். என் கணவர் என்னைச் சுத்தக்காரி என்று நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார்.

இப்படி இருக்கும்போது என் வலது தோள்பட்டை இறுகிப்போய்க் கை மேலே எழும்ப மறுத்துவிட்டது. தலை வாரவே முடியவில்லை. முதல் இரண்டு நாள் பக்கத்து வீட்டுப் பெண் வந்து பின்னிவிட்டாள். அப்புறம் கணவர் தறிக்குழியிலிருந்து எழுந்து வந்து, "இந்தா, உக்காரு" என்றார். ஆயிரக்கணக்கான இழைகளைச் சிக்கில்லாமல் வைத்திருக்கிற கை. என் தலையில் மிச்சமிருப்பது அவருக்கு ஒரு வேலையே இல்லை. பின்னி முடித்தால் கழுத்திலிருந்து தோளைத் தாண்டி நெஞ்சுக்கு மேலே வரைதான் வரும், சரியான எலிவால். ரப்பர் பேண்டு போட்டால் இருக்கிற முடியும் போய்விடும் என்று, அறுந்த ஜரிகைத் துண்டுகளைச் சேர்த்துவைத்திருக்கும் டப்பாவைத் திறப்பார். வெள்ளி என்பதால் துளியையும் எறியாத மனிதர், என் வால் நுனியில் அதைச் சுற்றுச் சுற்றென்று சுற்றித் தறிக்காரர் முடிச்சு ஒன்று போடுவார். சின்ன முடிச்சு, ஆனால் இழுத்தாலும் வராது. எனக்கு உள்ளுக்குள் ஏக சந்தோஷம். வெளியே மட்டும், "வலிக்குது, மெதுவா" என்று சொல்லிக்கொண்டிருப்பேன்.

பிறகு இருமல் வந்தது. கஷாயம், மாத்திரை எதற்கும் அடங்காமல் இழுத்துக்கொண்டே போனது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம், கூட வேலை செய்யும் பெண்ணிடம், "எனக்கே ஒரு படம் எடுத்துடு" என்றேன். நானே ஊக்குகளைக் கழற்றினேன், சரட்டைக் கழற்றினேன், கவுனை மாட்டினேன். முதுகுக் கயிறு எனக்கு எட்டவில்லை. அவள் பின்னால் நின்று கட்டுவதற்காகப் பின்னலை முன்பக்கம் தூக்கிப் போட்டுக்கொண்டேன்.

"அக்கா, எல்லாம் கழட்டிட்டீங்களா?" என்றாள் அவள்.

"எங்கிட்டயே கேக்கறியா?" என்றேன்.

இந்த இரண்டு வார்த்தைக்கு நான் கொடுத்த விலை கொஞ்சமல்ல. பாவம், அவள் மறுபேச்சுப் பேசாமல் சுவருக்குப் பின்னால் போய் நின்றாள். நான் நெஞ்சைத் தட்டில் அழுத்திக்கொண்டு மூச்சை இழுத்துப் பிடித்தேன். அடுத்த ஆளைக் கூப்பிட அவள் வெளியே போனாள், நான் திரையைப் பார்த்தேன்.

வலது நுரையீரலின் மேல்பக்கம், காறை எலும்புக்குக் கீழே, வெள்ளையாக ஒரு கட்டி. ஓரம் எல்லாம் மயிர் மயிராகப் பிரிந்திருந்தது. அப்படி ஓரம் பிரிந்தால் நல்லதில்லை என்று டாக்டர்கள் பேசக் கேட்டிருக்கிறேன். எலும்பைவிட வெளுப்பாக இருக்கிறதே, உடம்புக்குள் விளைவது இவ்வளவு வெளுக்குமா என்று யோசிக்க வேண்டிய மூளை அப்போது ஆளைக் காணோம். ஊருக்கெல்லாம் நிழலைப் பற்றிச் சொன்னவளுக்கு நிழல் என்ற சொல்லே மறந்துபோயிற்று. இத்தனை வருஷக் கதிரும் சேர்ந்து என்னைப் பிடித்துவிட்டது, சோப்பு என்னைக் காப்பாற்றவில்லை என்றுதான் தோன்றியது. படம் பார்க்கிற டாக்டர் திங்கட்கிழமைதான் வருவார். திரையை மூடிவிட்டு, அவளிடம் ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டேன். போனதும் பின்னலைப் பிய்த்துப் போட்டுக் குளித்தேன். அன்றைக்கு நாலு தடவை சோப்பு.

ஞாயிற்றுக்கிழமை நான் செத்துப்போவதற்கான ஏற்பாடுகளைக் கவனித்தேன். பயம் எனக்காக இல்லை என்று சொன்னால் பொய். எனக்காகவும்தான் பயந்தேன். ஆனால் எங்களுக்குப் பிள்ளை இல்லை, இந்த மனிதர் தனியாகச் சோறு எங்கே என்று தேடுவாரே என்பதுதான் பெரிய கவலையாக இருந்தது. அதனால் சிலிண்டர் புக் செய்வது எப்படி என்று காட்டினேன். பருப்பு எந்த டப்பா, மிளகாய்த்தூள் எந்த டப்பா என்று காட்டினேன். ரசத்துக்குப் புளி எவ்வளவு என்று அவர் உள்ளங்கையில் வைத்தே காட்டினேன்.

"எங்கனா ஊருக்குப் போறியா இன்னா?" என்றார்.

"ஆம்பளைங்களும் கத்துக்கணும்" என்று எரிந்து விழுந்தேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தறிக்குப் போய்விட்டார்.

மத்தியானம் தலை காய்ந்ததும் சீப்போடு வந்தார். "நேத்து கட்டன ஜரிகை எங்க? வெள்ளிமா அது. தண்ணில போக்கிட்டியா?" என்று திட்டிக்கொண்டே பின்னினார். புதுசாக ஒரு துண்டைச் சுற்றி, முடிச்சுப் போட்டு, நெய்த சேலையைச் சரிபார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் பின்னலை வலது தோளுக்கு முன்னால் தூக்கிப் போட்டார். முடிச்சு வந்து காறை எலும்புக்குக் கீழே டொக்கென்று விழுந்தது.

அதே இடம். கட்டி இருந்த அதே இடம்.

குனிந்து பார்த்தேன். நடுவில் சுற்றிய வெள்ளி, ஓரமெல்லாம் மயிர் மயிராகப் பிரிந்து நிற்கும் ஜரிகை நுனிகள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, அப்படியே அழுகையாகவும் மாறிவிட்டது. அவர் பயந்துபோய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"நேத்துலேர்ந்து மனசுல வெச்சிக்கினு எனக்குப் புளி அளந்து காட்டிக்கினு இருந்தியா?"

"அது முடிச்சுதாங்க. நிழல். எனக்கு நல்லாத் தெரியுது."

"நேத்தும்தான் உனக்கு நல்லாத் தெரிஞ்சிச்சு" என்றார். அன்று முழுக்க அவர் தறியில் உட்காரவில்லை.

திங்கட்கிழமை காலையில் டப்பாவைத் திறக்காமல், தறியோரம் கிடந்த பட்டு நூலை எடுத்தார். "பட்டு படத்துல தெரியாது இல்ல?" என்று கேட்டார். தெரியாது, பட்டும் சதை மாதிரிதான், கதிரை விட்டுவிடும் என்றேன். வழக்கத்துக்கு மாறாக அதற்கு மேலே விளக்கவில்லை. இரண்டு முறை பிரித்துக் கட்டினார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, "நானும் வரேன்" என்று வண்டியை எடுத்தார்.

கவுன் கட்டிய பெண் நடந்ததெல்லாம் தெரிந்ததும் இந்த முறை என்னைக் கேட்கவில்லை, அவளே என் முடியை வாரி உச்சியில் தூக்கிக் குத்தினாள். "அக்கா, நூலு வழியிலயே அவுந்துகிச்சு போல, தொங்கிக்கினு இருக்குது" என்று கையில் கொடுத்தாள். படம் எடுத்தோம். இரண்டு நுரையீரலும் கறுப்பாக, சுத்தமாக இருந்தன. டாக்டர் இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஊருக்கே பாடம் எடுப்பீர்களே என்று சிரித்தார். இருமலுக்கு மருந்து எழுதினார்.

வெளியே வந்து சொன்னேன். என் கணவர் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். தெருவைப் பார்த்தபடியே, "அவ்ளோ வெள்ளையா தெரிஞ்சிச்சின்னா நல்ல ஜரிகைதான்" என்றார்.

என் கையில் அந்தப் பட்டு நூல் இருந்தது. ஜரிகையோ பட்டோ, கல்யாணமான நாளிலிருந்து அவர் போட்ட முடிச்சு தானாக அவிழ்ந்து நான் பார்த்ததில்லை, அன்று காலை போட்டதைத் தவிர.