யாருடைய தெரு?

காலையில் தறியில் ஏற்றவேண்டிய பாவு நூலைத் தெரு நீளத்துக்கு நீட்டி, கஞ்சி பூசி முடித்திருந்தோம்.

முனிசிபாலிட்டி இன்ஸ்பெக்டர் வந்து நின்றார். "ரோட்டை அடைக்கக் கூடாதுன்னு கவுன்சில் தீர்மானமுங்க. உடனே சுருட்டுங்க."

ஈரத்தோடு சுருட்டினால் நூல் ஒட்டிக்கொண்டு பாவே வீணாகிவிடும்.

அந்த வழியாகச் சைக்கிளில் வந்த ரோடு ஓவர்சியர் இறங்கினார். "ஏனுங்க, இது மதராஸ் சர்க்கார் ரோடு. உங்க கவுன்சிலுக்கு இதுல என்ன அதிகாரம்?"

"ஊருக்குள்ள வந்தா எங்க ரோடுதானுங்க!"

வெயில் ஏறியது. சண்டையும் ஏறியது. பாவு காய்ந்தது, சுருட்டி உள்ளே வைத்துவிட்டோம்.

என் மனைவி இருவருக்கும் மோர் கொடுத்தாள். "முடிவாயிருச்சுங்களா?"

"இல்லீங்க. கலெக்டர்கிட்டப் போகோணும்," என்றார்கள் இருவரும்.

"மெதுவாப் போங்க சாமி. நாளைக்கும் பாவு இருக்குது."

உங்கள் தெரு யாருடையது என்று தீர்ந்துவிட்டதா? தீராவிட்டால், தயவுசெய்து யாரிடமும் கேட்டுவிடாதீர்கள்.