ஜாடியின் மூடி

குப்பை வண்டியில் பாட்டில்கள் சரியும் சத்தம் கேட்டால் எனக்கு முனியம்மாவின் கூடை நினைவுக்கு வந்துவிடும். உத்திரமேரூரில் எங்கள் தெருவுக்கு வந்து, உடைந்த கண்ணாடியை எடைபோட்டு வாங்கிக்கொண்டு வேர்க்கடலை தருவாள். ஒருமுறை அம்மா, எடை கூடட்டும் என்று, உடைந்த ஊறுகாய் ஜாடியின் பீங்கான் துண்டுகளையும் அடியில் போட்டுவிட்டாள்.

மறுவாரம் முனியம்மா அந்தத் துண்டுகளோடு வாசலில் நின்றாள்.

"இது கண்ணாடியோட உருகாதாம்மா. மூட்டையே வாணாம்னு கடைக்காரன் திருப்பி அனுப்பிட்டான். யார் வூட்டு ஜாடின்னு தெரியல."

"எங்க வூட்ல ஜாடியே கெடையாது" என்றாள் அம்மா.

அவளுக்குப் பின்னால் மாடத்தில், அந்த ஜாடியின் மூடி உப்புச் சட்டியை மூடியிருந்தது. முனியம்மா அதைப் பார்த்தாள். வழக்கம்போல் என் கையில் ஒரு பிடி கடலையை வைத்துவிட்டுப் போனாள்.

அம்மாவும் நானும் அதைப் பகிர்ந்து தின்றோம்.