சுவரில் அழித்த மான்

பெயிண்டரம்மாவுக்கு ஏணியில் நிற்பதுதான் பிழைப்பு. கணவர் இருந்தவரை இருவருமாகக் கடைப் பலகைகள் எழுதினார்கள். அவர் போன பிறகும் அவள் தூரிகையைக் கீழே வைக்கவில்லை. குழந்தைகள் மருத்துவமனையின் கீழ்த்தளச் சுவரில் பழைய பௌத்த விலங்குக் கதைகளை வரையும் வேலை கிடைத்தபோது, ஊரில் இருக்கிற பெயிண்டர்களுக்கெல்லாம் வயிறெரிந்தது.

யானை, குரங்கு, ஆமை என்று மளமளவென்று முடித்துவிட்டாள். கடைசியாகக் கால் ஊனமான ஒரு மான். முற்பிறப்பில் ஒரு பறவையின் காலை ஒடித்ததால் அது அப்படிப் பிறந்தது என்பது கதை. மானின் தலைக்கு மேலே கால் ஒடிந்த பறவையையும் வரைந்து, எல்லோருக்கும் புரியும்படி வைத்தாள்.

மறுநாள் காலையில் ஒரு தாய் அந்தப் படத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் இருந்த பெண் குழந்தைக்கு இரண்டு காலிலும் இரும்புப் பட்டை.

"அப்போ எம்பொண்ணு போன ஜென்மத்துல யார் காலை ஒடிச்சிருப்பா?" என்று கேட்டாள். கோபமாகக் கூடக் கேட்கவில்லை.

பெயிண்டரம்மாவுக்குச் சுருக்கென்றது. அவளுடைய மகனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. இன்று லேத் பட்டறையில் வேலை செய்கிறான். சிறு வயதில் அவனைப் பார்த்தவர்களெல்லாம், "என்ன பாவம் பண்ணானோ" என்று உச்சுக் கொட்டிவிட்டுப் போவார்கள். அதே உச்சுக்கொட்டலைத்தான் தன் கையாலேயே ஆளுயரத்துக்கு வரைந்து வைத்திருக்கிறாள்!

வெள்ளை டப்பாவைத் திறந்தாள். மானும் பறவையும் மறைந்தன.

மேனேஜர் ஓடி வந்தார். "என்னம்மா இது? கதையே அதுதானே! செஞ்ச வினை திரும்பி வரும்னு பிள்ளைங்களுக்குத் தெரியவேண்டாமா?"

"தெரியட்டும் சார். ஆனா மத்த மூணு கதையையும் பாருங்க. அந்த யானை முன்னாடி என்னவா இருந்துச்சுன்னா பாக்கறோம்? கோவம் வந்தப்போ மிதிக்காம நின்னுச்சே, அதைத்தானே பாக்கறோம்? இப்போ செய்யறதும் வினைதான் சார்."

"முதல்ல இறங்குங்க."

"கையில பெயிண்ட் இருக்கு. முடிச்சிட்டு இறங்கறேன்."

"அப்புறம் மாடி வேலை உங்களுக்குக் கிடையாது, சொல்லிட்டேன்."

மேல்மாடிச் சுவர்களையும் அவளுக்கே தருவதாகப் பேச்சு இருந்தது. மாடி வேலை கிடைத்தால் மழைக்காலம் முழுக்கக் கவலையில்லை. ஆனாலும் இறங்கவில்லை. ஏணி ஆடியது. கீழே பார்த்தால், அந்தத் தாய் குழந்தையைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க வரையுங்க, நான் பிடிச்சுக்கறேன்."

சாயங்காலத்துக்குள் வேறொரு மான் எழுந்தது. இதற்கும் ஒரு கால் வளைந்துதான் இருந்தது. கூட்டத்தோடு ஓடமுடியாத அந்த மான், வேடனின் வலையைப் பல்லால் தூக்கிப் பிடித்திருக்க, அதனடியில் குட்டிகள் ஒவ்வொன்றாக வெளியேறிக்கொண்டிருந்தன. எட்ட நின்ற வேடனின் வில் தாழ்ந்திருந்தது.

குழந்தை உற்றுப் பார்த்துவிட்டு, "அதுக்கு வாய் வலிக்காதா?" என்று கேட்டது.

"வலிக்கும் கண்ணு. ஆனா விடாது."

மாடி வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. பெயிண்டரம்மா பள்ளி வேன்களுக்கு மஞ்சள் அடிக்கப் போனாள். வலை தூக்கும் மானை மட்டும் யாரும் அழிக்கவில்லை.