இருக்கையில் மணல் மூட்டை

"வண்டி ஏன் சுவத்துல மோதுச்சுன்னு தெரியாம இன்னைக்கு நீ அதுல ஏறக்கூடாதுக்கா."

டாயில் மாமா கராஜ் வாசலை மறித்து நின்று சொன்னார். அன்று மாலை பந்தயம்.

"உத்தரவு போட நீ யாருடா?" என்றாள் அம்மா.

"வாராவாரம் நீ நசுக்கிட்டு வர்ற தகரத்தைத் தட்டி நிமித்துறவன். தம்பின்னு வேற சொல்லிக்கிறாங்க."

அம்மா சிரித்தாள். அவளுக்கென்று வாங்கி வந்த சாஸேஜ் ரொட்டி கருவிப் பெட்டியின் மேல் கடிபடாமல் கிடந்தது.

முந்தைய சனிக்கிழமை மூன்றாவது வளைவில் வண்டியின் பின்பக்கம் நழுவி கான்கிரீட் சுவரில் மோதியது. அவளே இறங்கி நடந்து வந்தாள். அம்மாவின் பெயர் வெல்டா ராஸ்னிக். வர்ஜீனியா மலையோரத்தில் எங்கள் மாவட்டத்தின் பள்ளிப் பேருந்து ஓட்டுநர். சனிக்கிழமைகளில் களிமண் ஓடுதளத்தில் 'லேட் மாடல்' என்ற வகை ரேஸ் கார் ஓட்டுவாள். திங்கட்கிழமை பேருந்தில் ஏறும் பிள்ளைகள் வணக்கத்துக்கு முன் கேட்பது, "ஜெயிச்சீங்களா?"

அந்த வண்டியின் அடிச்சட்டமான சேசிஸை மார்ச்சில் பழையதாக வாங்கி, அதற்கு பேஸ்லைன் கண்டுபிடித்தோம். எத்தனை மாற்றிக் குழம்பினாலும் திரும்பி வர ஒரு நிலை வேண்டும், அதுதான் பேஸ்லைன். சமதளத் தரை, ஒவ்வொரு சக்கரத்தின் அடியிலும் ஒரு தராசு. டயர் காற்றும் பெட்ரோலும் அளவாக இருக்க வேண்டும். அம்மா பந்தய உடுப்பும் ஹெல்மெட்டும் போட்டு உள்ளே உட்கார வேண்டும். ஓட்டுபவர் இடப்பக்கம் உட்காருவதால் அவர் எடையும் கணக்கில் சேரும். அளந்துகொண்டு ஓடுதளத்துக்குப் போவோம். ஒரு ஸ்பிரிங்கை மாற்றுவோம், திரும்பி வந்து அளப்போம். இரண்டை ஒரே நேரத்தில் மாற்ற அம்மா விட மாட்டாள். "எது கெடுத்துச்சுன்னு அப்புறம் யாரைக் கேப்ப?" என்பாள். அவள் கேட்டபடி வண்டி திரும்பிய நாளில் அந்த எண்களையே பேஸ்லைனாக எழுதி வைத்தோம்.

ஜூனுக்குப் பிறகு அளவெடுக்க அவள் உட்காருவதில்லை. "பீன்ஸ் அடுப்புல இருக்குடி, மூட்டையை வை" என்பாள். மார்ச்சில் அவள் இருந்த எடைக்கு மூட்டைகளில் மணல் நிரப்பி இருக்கையில் கட்டினேன். ஒவ்வொரு வாரமும் எண்கள் மார்ச்சைப் போலவே வந்தன. ஒவ்வொரு வாரமும் வண்டி வேறு மாதிரி ஓடியது.

அன்று காலையும் அப்படித்தான். வளைந்த பாகங்களை மாற்றியிருந்தோம். நான்கு தராசும் சரி.

"அப்ப ஓட்டுறேன்" என்றாள் அம்மா.

"சரியா இருக்குற வண்டி சுவத்துக்கு முத்தம் குடுக்குமா?" என்றார் மாமா.

நான் மூட்டைகளை அவிழ்த்து இறக்கினேன்.

"நீ உட்காரும்மா."

"மூட்டை போதும்டி."

"மூட்டையா ஓட்டப்போகுது?"

 அவள் உடுப்பும் ஹெல்மெட்டும் போட்டுக்கொண்டு ஜன்னல் வழியாக உள்ளே இறங்கினாள். பெல்ட்டுகளை நான் இழுத்துக் கட்டினேன். மார்ச்சில் உள்ளங்கை நீளமே மிஞ்சிய பட்டை இப்போது அவள் மடியில் சுருண்டு கிடந்தது.

இடப்பக்க எண்கள் இரண்டும் மார்ச்சைவிடக் குறைவாக வந்தன.

"தராசு செத்துப்போச்சு" என்றார் மாமா.

அவளை இறங்கச் சொன்னேன். காலி வண்டி மார்ச்சில் இருந்த அதே எடை. மறுபடி ஏறச் சொன்னேன். மறுபடி அதே குறைவு. வண்டி எதையும் இழக்கவில்லை.

பம்பு ஆலையில் அதிர்வு அளப்பது என் வேலை. எண் சொல்வதை மட்டும் சொல்லிப் பழகியவள். "இந்தக் குறைச்சலுக்கு வண்டி கொஞ்சம் நழுவும், அவ்வளவுதான். சுவர் வரைக்கும் போகாது. வளைவுல என்னம்மா ஆச்சு?"

ஹெல்மெட்டுக்குள் அவள் கண்கள் மட்டும் தெரிந்தன. மூலையில் கம்ப்ரஸர் ஓடி நின்றது.

"கை வரல" என்றாள். "திருப்பணும்னு தெரியுது. கை வரல."

"எத்தனை நாளா இப்படி?"

"பள்ளிக்கூடம் திறந்ததுமே பஸ்ஸுக்கு லீவு சொல்லிட்டேன். புள்ளைங்க இருக்குல்ல."

எங்கள் இருவருக்கும் அது தெரியாது.

"புள்ளைங்களை ஏத்த மாட்ட. உன்னை மட்டும் ஏத்துவியா?" என்றார் மாமா.

ரேஸ் காரில் ஸ்டியரிங் கொக்கியில் கழன்று வரும்; ஜன்னலுக்குள் கைவிட்டு அதைக் கழற்றப் போனேன். என் கை மேல் அவள் கை விழுந்தது. பேருந்தின் அத்தனை பெரிய ஸ்டியரிங்கைத் திருப்பிய கை. பிடியில் பலமே இல்லை. நான் இழுத்திருக்கலாம். இழுக்கவில்லை.

அவளே கொக்கியை விடுவித்தாள். ஸ்டியரிங் கழன்று வந்தது. ஜன்னல் வழியாக மாமாவிடம் நீட்டினாள்.

"இந்தாடா, இனி நீ ஓட்டு. உன் தொப்பைக்கு எல்லாத்தையும் முதல்லேர்ந்து அளக்கணும். விடிஞ்சுரும்."

அன்று மாலை வண்டி போகவில்லை. மறுநாள் மாமா உள்ளே உட்கார்ந்தார். அம்மா ஸ்டூலில் அமர்ந்து தராசு எண்களை உரக்க வாசித்தாள். "இடது பின்பக்கம் ஏறுது. காத்தைப் பாரு. ஒன்னை மட்டும் மாத்து." அதற்கடுத்த நாள் டாக்டரிடம் போனோம். நோய் முற்றியிருந்தது. நவம்பரில் இறந்தாள்.

இப்போது மறுபடி மார்ச். புதிய பேஸ்லைன் மாமாவுடையது. அம்மாவின் மூட்டைகள் சுவரோரம் இருக்கின்றன. நேற்று மாமா சாப்பிடப் போயிருந்தபோது அவற்றைத் தூக்கித் தராசில் வைத்துப் பார்த்தேன்.

ஒரு பவுண்டுகூடக் குறையவில்லை.