குதிரைவாலி பிரட்

எங்கள் மாடியில் குடியிருந்தவர் திருச்சுழியில் ஏதோ ஓர் ஆபீசில் அதிகாரி. வீட்டிலும் சட்டைப்பையில் பேனா குத்திக்கொண்டுதான் திரிவார். ஞாயிற்றுக்கிழமை பிரட் சுடும்போதும் அதே பேனா, அதே மிடுக்கு.

ஒருமுறை மைதா என்று நினைத்துக் குதிரைவாலி மாவைப் பிசைந்துவிட்டார். எவ்வளவு நேரமானாலும் அது உப்பவில்லை. தயிரும் வெங்காயமும் சேர்த்து, தட்டையாகத் தட்டிச் சுட்டு, என்னைக் கூப்பிட்டார்.

"இவ டப்பாவை மாத்தி வச்சுட்டா. நாந்தேன் சமாளிச்சேன்," என்று மனைவியைக் காட்டினார்.

"அந்த டப்பாவுல மாவைக் கொட்டுனதே இவுகதேன்," என்றார் மனைவி.

அவர் முகம் கொஞ்சமும் மாறவில்லை. "இன்னொரு துண்டு எடுத்துக்கங்க," என்றார்.

வெட்கமே அறியாத அந்த முகத்தை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. அதைவிட எரிச்சல், மூன்றாவது துண்டை நானே கேட்டு வாங்கியது.