சந்தனம் மறைத்த விளக்கு

அன்று காலை நான் முதலில் செய்த வேலை, சர்வர் அறை ஏசிக்குக் கீழே நிரம்பியிருந்த வாளியைக் கொட்டியது. வாளியைத் திரும்ப வைக்கும்போது போன் வந்தது. காதர்பேட்டையில் பனியன் கடை வைத்திருப்பவர் பேசினார். "ஏனுங்க, நம்ம ஜெபமணி தவறிட்டாருங்க. காலைல நெஞ்சு வலின்னாராம். ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிருச்சுங்க." நான் "சரிங்க" என்றேன். வாளி நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ராயபுரத்தில் அவர் வீட்டுக்குக் கிளம்பினேன்.

ஜெபமணியை இதைப் படிக்கும் உங்களில் பலருக்குக் கடைகளின் பில் போடும் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவராகத்தான் தெரியும். அதற்கு முன் ஏழு வருடம் எங்கள் ஏற்றுமதி கம்பெனியின் சர்வரை அவர்தான் பார்த்துக்கொண்டார். திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரர், என் வயதுதான். நான் "மூணாவது ஸ்லாட்டுங்க" என்று சொன்னால், "உங்க ஊர்ல நம்பருக்கும் மரியாதை குடுப்பீங்களோ மேடம்?" என்பார்.

எங்கள் சர்வரை நிறுத்த முடியாது. துணி உருளை உள்ளே வருவது முதல் அட்டைப்பெட்டியில் லேபிள் ஒட்டுவது வரை எல்லாம் அதன் வழியாகத்தான் நடக்கும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்ளிருக்கும் கார்டை மாற்றும் வசதி அதில் உண்டு. அந்தக் கார்டு செருகியிருக்கும் ஸ்லாட்டுக்கு மட்டும் மின்சாரத்தை நிறுத்தச் சொல்லித் திரையில் உத்தரவு கொடுக்க வேண்டும். ஸ்லாட்டின் அருகே உள்ள பச்சை விளக்கு சிமிட்டும்; பிறகு அணையும். அணைந்த பிறகுதான் கை வைக்கலாம்.

"நிறுத்தின மெஷின் பொணம் மேடம். ஓடுதது ஆளு. ஆளுகிட்ட கேக்காம மேல கை வைக்கப்பிடாது" என்பார். சொன்னபடியே கார்டைத் தொடாமல் அருகில் விரலை நிறுத்தி, "எடுக்கட்டா?" என்று உரக்கக் கேட்பார். திரையைப் பார்த்து நான் "எடுங்க" என்று சொன்ன பிறகே இழுப்பார். ஒருமுறை முதலாளி பின்னால் வந்து நின்று, "ஏனுங்க ஜெபமணி, லைட்டைப் பாத்துட்டுத் தவமிருக்கறீங்களா?" என்றார். "கண்ணு சிமிட்டுது சார், இன்னும் முழிச்சிருக்கு" என்று இவர் சொல்ல, முதலாளியும் சிரித்துவிட்டு நின்று பார்த்தார்.

ஒரு வருடம் ஆயுத பூஜைக்கு மறுநாள் நெட்வொர்க் கார்டு ஒன்று பழுதாகிவிட்டது. கண்டெய்னர் வாசலில் நின்றது. நான் திரையில் உத்தரவு கொடுத்தேன். அதே நேரம் பேக்கிங்கிலிருந்து போனில் கத்தினார்கள். ஜெபமணி, "இங்க விளக்கு எரியல. அங்க ஆஃப் காட்டுதா? எடுக்கட்டா?" என்றார். நான் திரையைப் பார்க்கவில்லை. போனைக் காதில் வைத்தபடியே, "எடுங்க" என்றேன்.

இழுத்தார். சர்வர் முழுவதுமாக உறைந்துபோனது; மின்சாரம் மட்டும் இருந்தது.

அவர் குனிந்து பார்த்தார். ஸ்லாட்டின் ஓரத்தில், விளக்கு இருக்கவேண்டிய இடத்தில், காய்ந்த சந்தனப் பொட்டு. முந்தின நாள் பூஜையில், அழகாக இருக்கட்டும் என்று வரிசையாக நான் வைத்தவற்றில் ஒன்று. கட்டைவிரலால் தேய்த்தார். அடியில் பச்சை எரிந்துகொண்டிருந்தது. படியில் முதலாளியின் செருப்புச் சத்தம் கேட்டது. விரலைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டார்.

"கை அவசரப்பட்டுட்டு சார். என் தப்புதான்."

நான் போனை வைத்துவிட்டுத் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். பெட்டிகளையெல்லாம் மறுபடி ஸ்கேன் செய்து கண்டெய்னர் ஒரு நாள் தாமதமாகப் போனது. ஜெபமணியை இனிக் கூப்பிட வேண்டாம் என்றார் முதலாளி. வண்டி நிறுத்தும் இடம் வரை ஜெபமணியின் பின்னாலேயே போய், "ஏனுங்க அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன். "உங்களுக்கு இந்த ஒரு எடம். எனக்கு ஊரெல்லாம் வேலை கெடக்கு. போங்க மேடம்" என்று வண்டியை உதைத்தார். அதன் பிறகு பெரிய கம்பெனிகள் எதுவும் அவரைக் கூப்பிடவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். காரணம் இப்போது தெரிந்திருக்கும்.

எங்கள் கம்பெனியில் அவர் பெயர் இன்னும் புழங்குகிறது. யாராவது அவசரப்பட்டால், "பாத்துங்க, ஜெபமணி பண்ணிராதீங்க" என்கிறார்கள். அவரைப் பார்த்தே இராத புது ஆட்களும் சொல்கிறார்கள். சொல்லும் இடத்தில் பலமுறை நான் இருந்திருக்கிறேன். ராயபுரத்தில் சவப்பெட்டியை மூடுவதற்கு முன் அவர் கைகளைப் பார்த்தேன். ஏழு வருடத்தில் ஒருமுறைகூட அவசரப்படாத கைகள்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தக் கேள்விதான். தனியாக வேலை செய்யும்போதும் "எடுக்கட்டா?" என்று கேட்டுவிட்டு, திரையையும் விளக்கையும் பார்த்த பிறகே தொடுகிறேன்.

ஆயுத பூஜையன்று எல்லோரும் கூடியிருக்கும்போது முதலாளி சந்தனக் கிண்ணத்தை என்னிடம் நீட்டி, "சர்வருக்கு நீங்களே வைங்க" என்பது வழக்கம். இந்த வருடமும் நீட்டுவார். வாங்குவதற்கு முன், அன்று அந்த விளக்கை மறைத்த பொட்டு யார் வைத்தது, பார்க்காமல் "எடுங்க" என்றது யார் என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லப்போகிறேன். வீட்டில்கூட இன்னும் சொல்லவில்லை.